அம்மாவின் சஷ்டி விரதம்

அல்சூர், பெங்களூரு
9.7.2025

அன்புள்ள அம்மா,

போனில் எவ்வளவு கத்தினாலும் உன் காதில் விழுவதில்லை. வயிற்றுத் தையலோடு கத்தவும் முடியவில்லை. அதனால் கடிதம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்னேஹா பிறந்தபோது செய்த சிசேரியன் தழும்பிலேயே இந்தக் கரு ஒட்டிக்கொண்டதாம். விட்டிருந்தால் என் உயிருக்கே ஆபத்து என்று எடுத்துவிட்டார்கள். இனி வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கர்ப்பத்தின்போது ரத்தத்தில் ஊறும் பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் படிப்படியாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். சர்க்கரையும் சற்றுக் கூடியிருக்கிறது. நீ அனுப்பிய மக்கன் பேடாவை உன் மாப்பிள்ளை அச்யுத் ஒருவரே ஒழித்துக்கட்டுகிறார்.

பயமாகத்தான் இருக்கிறது. நீ பயப்படாதே.

அன்புடன்,
நிருபமா

வேலூர்
14.7.2025

சௌபாக்கியவதி நிருபமாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

பயப்படாதே என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஸ்னேஹாவை இடுப்பில் தூக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

முருகன் கைவிட மாட்டான். ஸ்னேஹாவுக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்று ஆரம்பித்த சஷ்டி விரதத்தை நான் இன்னும் விடவில்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்த அன்றும் எனக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

இப்படிக்கு,
அம்மா ராஜலக்ஷ்மி

அல்சூர்
21.7.2025

அம்மா,

இந்த வாரம் எண் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருக்கிறது. தழும்பில் மிச்சம் ஏதாவது இருக்கலாம், ஊசி போட்டுப் பார்ப்போம், அதற்கும் கேட்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம் என்கிறார் டாக்டர்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். வேலூரில் நீ பட்டினி கிடப்பதற்கும் என் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், அந்த விரதத்தை விட்டுவிடு. இந்த உடம்பில் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது என்று நானும், ஒரு குழந்தை தங்க வேண்டும் என்று நீயும் ஒரே சாமியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அச்யுத்திடம் சொன்னால் சிரிப்பார்.

நாளை ஊசி.

நிரு

வேலூர்
30.7.2025

என் கண்ணு நிருவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பயம். விரதத்தைப் பாதியில் விட்டால் அந்தத் தோஷம் உன்மேல் வந்து விழுமோ என்று தவித்தேன். ஊசிக்கு எண் இறங்கியதா? உடனே எழுது.

நேற்று கோயிலுக்குப் போய், தோஷம் எதுவானாலும் என்னோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். “எனக்கு இன்னொரு பேரப்புள்ள வேணாம்ப்பா, என் பொண்ணு போதும்” என்றேன். மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று சஷ்டி. காலையில் குளித்ததும் இரண்டு இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் தொண்டையில் இறங்கவே இல்லை. தண்ணீரைக் குடித்து விழுங்கினேன்.

அம்மா