கேட்டால் விழிக்கும் பெட்டி

1979 ஜனவரி 18, வியாழன்

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கருகல் வாசம். அடுப்பில் ஒன்றுமில்லை. ஹாலுக்கு ஓடினால் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து புகை! அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பிளக்கைப் பிடுங்கினேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"நேத்து நிப்பாட்டலியா நான்?"

இல்லை. பாட்டு முடிந்ததும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த முனகல் எனக்குக் கேட்கும். அவருக்கு எப்படிக் கேட்கும்? நமுனுகுலப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் அறை இரைச்சலிலேயே ஆயுசைக் கழித்த மனிதர். பென்ஷன் வாங்கிக்கொண்டு பதுளைக்கு வரும்போது காது இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். இந்த ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கரும் இருந்தால்தான், பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஏதோ கேட்கிறார்.

ஜனவரி 19

கடைவீதியில் ரேடியோ திருத்தும் ஸமீமிடம் கொடுத்தேன். "மறுவாட்டியுமா டீச்சர்? டிரான்ஸ்போமர் திரும்பவும் போயிட்டு." பழையது ஒன்றைப் போட்டுத் தருகிறாராம்.

பெட்டி இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதாவது அவருக்கு. எனக்குத் தொண்டை நோகிறது. வகுப்பில் கூட இப்படிக் கத்தியதில்லை. இன்று வேலிக்கு அந்தப் பக்கம் பூவம்மா கேட்கிறாள்: "டீச்சர், ரசத்துல உப்பு கூடிப்போச்சாமே?" நான் அவரிடம் சொன்னது தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

கொழும்பிலிருந்து மகன் ராஜா வந்தான். புகைந்த கதையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"அம்மா, ஒரு நாளைக்கு வீடே பத்திக்கும். அடுத்த மாசம் வர்றப்போ இதை நான் கொண்டு போயிடுறேன்."

அப்பாவுக்கு உதடு தெரியக்கூடாதென்று என் பக்கம் திரும்பி நின்று சொன்னான். அவருக்கு அது போதும். தன்னைப் பற்றிய பேச்சு என்று முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

"கொண்டு போகட்டும். எனக்கெதுக்கு இந்த வயசுல பாட்டு" என்றார். ஸமீம் திருத்திக் கொடுத்த பெட்டிமேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

மகனைக் குறை சொல்ல முடியாது. பயம். ஆனால் இவரையும் எப்படிக் குறை சொல்வது? கரும்பலகை தெரியாத பிள்ளையைக் கடைசி வாங்கில் உட்கார வைத்துவிட்டு ஏன் எழுதவில்லை என்று கேட்கிற மாதிரி அல்லவா இது! முனகல் கேட்காதவர் நிப்பாட்ட மறக்கத்தான் செய்வார். நான் பார்த்துப் பார்த்து நிப்பாட்டலாம். நான் சந்தைக்குப் போனால்? கோயிலுக்குப் போனால்?

ஆள் எதற்கு? தனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று அந்தப் பெட்டிக்கே தெரியக்கூடாதா?

ஜனவரி 23

இரண்டு நாளாகக் கணக்குத்தாளில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். விஞ்ஞானம் படிப்பித்தவள், இது முடியாமலா போகும்? ஓட்டைப் பானையை நினைத்துக்கொண்டால் போதும். ரேடியோவிலிருந்து வரும் சத்தம் தண்ணீர். பானை என்பது கண்டென்சர். அடியில் சின்ன ஓட்டை. சத்தம் வர வரப் பானை நிறையும்; பானையில் தண்ணீர் இருக்கும்வரை ரிலே என்கிற காந்தக் கை சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் பானை மெல்ல வற்றும். வற்றியதும் ரிலே கையை விட்டுவிடும். ஆம்ப்ளிஃபயர் தானே அணையும். திரும்பச் சத்தம் வந்தால் தானே எழும்பும்.

எழுதும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது!

ஜனவரி 24

ஸமீம் நான் வரைந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். "ரிடயர் ஆன டீச்சர்மார் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பாங்க. நீங்க ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கப் போறீங்களா?"

"அது பாடம் பிடிச்சிக்கிட்டா?"

"பிடிச்சிக்கிட்டா எங்க வீட்டுக்காரி லரீபா கையால வட்டிலாப்பம், ஒரு சட்டி நிறைய."

மின்சாரக் கம்பி வேலை ஸமீமுடையது என்று பேச்சு. மற்றதை நான் ஈயம் வைத்து ஒட்டுகிறேன்.

பிப்ரவரி 2

முதல் சோதனை. ரேடியோவைத் திருகினேன். டக்! சிவப்பு பல்ப் எரிந்தது (எரிவது அவருக்குத் தெரிய வேண்டுமென்று வைத்தது). நான் எழுந்து கையே தட்டிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கினால் டக், அணைந்துவிடுகிறது. அடுத்த சொல்லுக்கு டக், எழும்புகிறது.

"என்ன, என்னைப் பாத்துக் கண்ணடிக்குது?" என்கிறார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வந்தது. கேள்வி கேட்பேன், பிள்ளை வாய் திறக்குமுன் "தெரியாதா? உட்கார்" என்பேன். யோசிக்கிற பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் வித்தியாசம், கேட்கிறவள் காத்திருப்பதில் இருக்கிறது. பானை சிறியது. வேறொன்றுமில்லை. பெட்டிக்குப் பொறுமை வேண்டும்.

பிப்ரவரி 3

பெரிய கண்டென்சர். செய்தி முடியும்வரை கண்ணே மூடவில்லை!

பிப்ரவரி 10

அழுகை வருகிறது. காலையில் பல்ப் எரிகிறது, பெட்டி கொதிக்கிறது. இரவு முழுக்க விழித்திருந்திருக்கிறது. வழக்கம்போல அவர் ரேடியோவை நிப்பாட்டாமல் சத்தத்தை மட்டும் குறைத்திருக்கிறார். ரேடியோவுக்கென்று ஒரு சின்ன முனகல் உண்டே, அதையும் சத்தம் என்று எண்ணிவிட்டது இந்த மக்கு. இத்தனை பாடும் இதற்குத்தானா? ராஜா வந்து இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்க மாட்டான், தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அவர் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

பிப்ரவரி 12

யாராவது முணுமுணுத்தால்கூட எழுந்து நிற்கிற மொனிட்டர் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். அதைத் திட்டி என்ன பயன்? எதற்கு எழும்ப வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பானையின் வாயில் ஒரு வரம்பு கட்டினேன், திருகுக் குமிழ் ஒன்று வைத்து. சின்ன முனகல் வரம்பைத் தாண்டாது. பாட்டும் பேச்சும் தாண்டும்.

பிப்ரவரி 13

ரேடியோ முனகியது. பெட்டி அசையவே இல்லை. காலையில் தொட்டுப் பார்த்தேன், பனியில் கிடந்த கல் மாதிரிக் குளிர்ச்சி.

பிப்ரவரி 18, ஞாயிறு

ராஜா வந்தான். கையில் பெரிய அட்டைப்பெட்டி, கயிறு. எல்லாம் ஆயத்தமாக!

"உக்காரு முதல்ல" என்றேன். அவர் ரேடியோவைத் திருகினார். டக். பல்ப் எரிந்தது, பாட்டு வந்தது. ராஜா சுவிட்சைத் தேடிக் கம்பியெல்லாம் தடவிப் பார்த்தான். பாட்டு முடிந்ததும் அவர் ரேடியோவை நிப்பாட்டினார். பல்ப் எரிந்துகொண்டே இருந்தது.

"பாருங்க, இன்னும் எரியுதே" என்றான்.

"பொறு."

"அம்மா, எவ்வளவு நேரம்..."

"பதில் வரும், பொறுடா."

டக்.

அணைந்த பல்பைப் பார்த்து அவர் கை தட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி! ராஜா என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், திரும்ப ரேடியோவைத் திருகினான். டக். நிப்பாட்டினான். காத்திருந்தான். டக். அதற்கு மேல் அவனை அந்த இடத்தைவிட்டு எழுப்ப முடியவில்லை, சாப்பாடு ஆறிப்போனது.

போகும்போது அவர் சொன்னார்: "கொண்டு வந்த பெட்டியை வெறுமனே கொண்டு போகாதே. தோட்டத்துல முட்டைக்கோவா இருக்கு, வெட்டிப் போட்டுக்க."

ராஜா கோவாவோடு கொழும்பு ரயில் ஏறினான். நான் ஜெயித்தேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமே இல்லை.

பிப்ரவரி 20

வட்டிலாப்பம் வந்தது, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்க. ஸமீம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

அதைச் சாப்பிடும்போதுதான் தோன்றியது. பானைக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தாலென்ன, கிணற்றிலிருந்து வந்தாலென்ன? ரேடியோ பேசினால் எழும்பும் பெட்டி, நான் பேசினால் எழும்பாதா? சமையலறையில் ஒரு மைக் வைத்தால்? முன்பு இது முடியாது. நான் எப்போது வாய் திறப்பேன் என்று பெட்டியை நாள் முழுக்க எரியவிட வேண்டும், திரும்பவும் புகைதான். இப்போதுதான் அது தூங்கக் கற்றுக்கொண்டதே.

பிப்ரவரி 23

ஸமீமின் பழைய மைக். சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியாயிற்று. ஸ்பீக்கர் தள்ளி ஹாலில் இருப்பதால் மைக் 'கூ' என்று ஊளையிடவில்லை. சட்டி பானை உருட்டலுக்கெல்லாம் எழும்பாதபடி வரம்பைத் திருகி வைத்தேன்.

சோறு இறக்கியதும் சாதாரணக் குரலில், மைக்குக்குப் பக்கத்தில், "சாப்பிட வாங்க" என்றேன். டக் என்றது. ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"எங்க போறீங்க?" இதைக் கத்தித்தான் கேட்டேன்.

"நீதானே வாங்கச் சொன்னே. என்ன வாங்கணும்னு சொல்லலியே?"

பெட்டி எழும்பிக்கொள்வதற்குள் முதல் சொல் போய்விட்டது. 'வாங்க' மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

பிப்ரவரி 24

முதல் சொல்லை விழுங்காமல் செய்ய முடியுமா என்று ஸமீமிடம் கேட்டேன். "தூக்கத்துல இருக்குற மனுசனும் முதல் சத்தத்துக்கு முழிப்பான், ரெண்டாவதைத்தானே டீச்சர் கேப்பான்" என்றார். நியாயம்தான். எழுப்புவதற்கென்று ஒரு சொல் வேண்டும். போனால் பரவாயில்லை என்கிற சொல்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நின்றே விட்டேன். அந்தச் சொல் என்னிடம் இருந்ததே! புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு "என்னங்க"தான். காது போனபிறகு யாருக்காக அதைச் சொல்வது? கதவைத் தட்டுவேன், கையைத் தட்டுவேன். எப்போது விட்டேன் என்று கூட நினைவில்லை.

மைக் முன்னால் நின்றேன். கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

"என்னங்க." டக். "ரசமா, சாம்பாரா?"

ஹாலிலிருந்து: "ரசம். கத்தாதே, கேக்குது."

நான் கத்தவில்லை. சத்தியமாகக் கத்தவில்லை.

பிப்ரவரி 27

எதற்கோ அவரைக் கூப்பிட்டுவிட்டு, பெட்டி விழித்திருக்கும்போதே ரசத்துக்குத் தாளித்தேன். பேப்பரோடு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"கடுகு வெடிக்குது" என்றார். பிறகு திரும்பவும், மெதுவாக, "கடுகு வெடிக்குது."

இன்னொரு கரண்டி கடுகு போட்டேன். ரசத்துக்குக் கூடுதல்தான். இருக்கட்டும்.

மார்ச் 4, ஞாயிறு

பூவம்மா இன்று வேலி வரைக்கும் வரவில்லை. வேலியைச் சுற்றி வாசலுக்கே வந்துவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறாள்:

"ஏன் டீச்சர், ஒரு கிழமையா உங்க வீட்டுல சத்தமே காணோம்? ஐயாவும் நீங்களும் ஏதாச்சும் கோவமா? வீட்டுல என்ன சமையல்னு கூடத் தெரிய மாட்டேங்குதே!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், அவள் இன்னும் பயந்துவிட்டாள்.

மார்ச் 7

மத்தியானம் மழை. அரிசி களைந்துகொண்டே "என்னங்க" என்றேன். டக் என்றது. அதற்குள் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். சிவப்பு பல்ப் எரிவதைப் பார்த்துப் பேப்பரை மடித்துவிட்டார். காத்திருக்கிறார்.

"சொல்லு" என்றார்.

"ஒண்ணுமில்லை. சும்மாதான்."

"ம். அதுவும் கேட்டுச்சு."