பட்டியலில் வராத பெயர்

நானா,

இன்று காலை தேக்காச் சந்தையில் கற்கண்டு வாங்கினேன். கடைக்காரர் நீலக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கற்கண்டைக் கொட்டிவிட்டு, அந்தக் காகிதத்தை மடியில் வைத்து நீவத் தொடங்கிவிட்டேன். "அதைப் போய் ஏன் தடவிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி. அச்சில் ஏற்றுமுன் நீங்கள் அப்படித்தான் ஒவ்வொரு தாளையும் நீவுவீர்கள்.

நாம் இருவரும் ஒரே அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர்கள்; மூத்தவரான உங்களை, உங்கள் வீட்டு வழக்கப்படி அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் சும்மாதான் கிடக்கும். முதலாளியைக் கேட்டு, பிழைக்கக் கடல் தாண்டி வந்த நம் ஆட்களுக்கு ஒற்றைத் தாளில் செய்தி அடித்து இலவசமாகக் கொடுப்போம் என்று கிளம்பியவர் நீங்கள். நான் மாதா கோயிலில் பூசை முடித்து வருவதற்குள் மையை உருட்டித் தயாராக வைத்திருப்பீர்கள். முன்பக்கத்தில் கப்பல் வரவு, எந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்பது போன்ற சேதிகள். பின்பக்கம் முழுவதும், ஆஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாமல் படுத்திருப்பவர்களின் பெயரும் ஊரும். படித்தவர்கள் யாராவது கஞ்சியோடு போய்ப் பார்ப்பார்கள்.

ஒருமுறை கோட்டை விட்டோம். ஆஸ்பத்திரியில் கிடந்த முத்துசாமியின் ஊருக்குப் பதிலாக, தேக்காவில் மாட்டுவண்டி ஓட்டும் முத்துசாமியின் ஊரைப் போட்டுவிட்டோம். தாளைப் படித்தவர்கள் நோய் அவருக்குத்தான் என்று நினைத்து அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். மறுநாள் அவர் கையில் கஞ்சித் தூக்கோடு வந்து குதித்தார்.

"நான் கல்லு மாதிரி இருக்கேன்! காலையிலேர்ந்து ஆள் மாத்தி ஆள் கஞ்சி கொண்டாந்து குடுக்குறாங்கய்யா!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. "தப்பு எங்களோடதுதான். அந்தக் கஞ்சிக்கு உரியவர் அங்கே காத்துக்கிட்டு இருப்பாரு. வாங்க, குடுத்துட்டு வருவோம்" என்று அவரைக் கையோடு அழைத்துப் போனீர்கள். திட்ட வந்த மனிதர் அன்று பொழுது சாயும்வரை அந்த இன்னொரு முத்துசாமியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

பிறகு காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடங்கு வைத்திருந்த ஒரு வியாபாரி, வருஷம் முழுக்க வெள்ளைக் காகிதம் தருவதாகச் சொன்னார். பின்பக்கத்தில் பட்டியலை எடுத்துவிட்டு அவருடைய அரிசி விளம்பரத்தைப் போடவேண்டும், அவ்வளவுதான். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"பின்பக்கம் எங்களோடது இல்லீங்க. படுத்திருக்கறவங்களோடது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாள் நின்றுபோகும் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, வண்டிக்கார முத்துசாமி வந்து ஒரு மூட்டையை இறக்கினார். சரக்கு இறக்கிய கடைதோறும் கேட்டு வாங்கிய பொட்டலக் காகிதம். பாதிக்கு மேல் சர்க்கரை மடிக்கும் நீலம். அதில் எழுத்து லேசில் தெரியாது. ஜனங்கள் வெயிலில் பிடித்துப் பிடித்துப் படித்தார்கள்.

நீங்களே அந்த ஆஸ்பத்திரியில் படுத்த வாரம், உங்கள் பெயரைப் பட்டியலில் முதலாவதாகக் கோத்துவிட்டு வந்து சொன்னேன். அந்த நிலையிலும் உங்களுக்குக் கோபம் வந்தது. "அது ஆளில்லாதவங்க எடம், தம்பி. எனக்கு நீ இருக்கே. எடுத்துரு. போய் அச்சை ஓட்டு."

போனேன். கோத்திருந்த உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தேன். நான் அச்சை ஓட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள்.

தனியாகவா போனீர்கள் என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். வண்டிக்கார முத்துசாமி உங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே கஞ்சித் தூக்கு. பிடித்திருந்த உங்கள் கையை அவர் இன்னும் விடவில்லை.

இப்போது வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் பெயர் எழுதிவர நான் போகிறேன். ஊரை இரண்டு முறை கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் எத்தனையோ பெயர்கள் வந்துவிட்டன, நானா. உங்கள் பெயர் மட்டும் வரவே இல்லை.