எனக்குப் பிறகு நீ இருக்க முடியாத வீடு

வீட்டம்மாவுக்கு,

நமக்கு வீடு விற்றவன் நம்மை ஏமாற்றிவிட்டான். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான குடியிருப்பு, அதனால்தான் விலை மலிவு என்றானே, என் வயதைப் பார்த்துத்தான் உன்னையும் உள்ளே விடுகிறார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. நான் கண்ணை மூடிவிட்டால் நீ வெளியேற வேண்டும்.

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

நான் வேலை பார்க்கும் இந்த ஊரில் நேற்று அதே மாதிரி ஒரு குடியிருப்பில் குழாய் மாற்றப் போனேன். புருஷனைப் பறிகொடுத்த ஓர் அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "வேலை கேட்டா வயசாயிடுச்சுங்கறாங்க, வீட்டுல இருந்தா வயசு பத்தலைங்கறாங்க. நான் எங்கதான் போறது அண்ணே?" என்று சிரித்தார். ஏணியில் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. வெயில்தான், வேறொன்றும் இல்லை. அறைக்கு வந்து நம் வீட்டுப் பத்திரத்தின் நகலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதே விதிதான்.

ஞாயிற்றுக்கிழமை போனைச் சட்டென்று வைத்துவிடாதே. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பாத்திரச் சத்தமாவது கேட்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வீட்டை விற்கலாம் என்று யார் சொன்னாலும் நீ தலையாட்டாதே. கடைசிவரை நீ அங்கே இருக்கலாம் என்று உன் தம்பி குடியிருப்புச் சங்கத்திடம் எழுதி வாங்கட்டும். மறுத்தால் நம் மருமகன் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். உனக்கு ஐம்பத்தைந்து ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. அதுவரை உயிரோடு இருக்க வேண்டியது என் வேலை.