முத்துப் போடாத காய்ச்சல்

3.5.88 செவ்வாய்

காலை எட்டு மணிக்கே கடைப் பலகையைத் தொட முடியவில்லை, அப்படி வெயில். நாளை அக்கினி நட்சத்திரம் வேறு ஆரம்பம்.

எம்.ரெட்டியபட்டி சுப்பையா வந்தார். மகளுக்கு வைகாசிக் கடைசியில் கல்யாணம். சீர்ப் பாத்திரம் எடுத்தார். அண்டா 1, குடம் 2, சம்படம் 5, தட்டு ஒரு டஜன், இன்னும் சில்லறை. எல்லாவற்றிலும் பெண் பெயர் வெட்ட வேண்டுமாம். 'பேரு தேயாம வெட்டணும் அண்ணாச்சி. பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கணும்.' எவர்சில்வரில் வெட்டிய பெயர் எங்கே தேயப் போகிறது? மனிதர் பேசியே கொன்றுவிடுவார்.

மெஷினைப் போட்டேன். மயிலு ஓடி வரவில்லை. பெயர் வெட்டுகிற சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு 'டுர்ர்ர்' என்று வந்து முன்னால் நிற்கும். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. உள்ளே போய்ப் பார்த்தால் அம்மாக்காரி செல்வி மடியில் துவண்டு கிடக்கிறது. உடம்பு தோசைக்கல். சளி இல்லை. இருமல் இல்லை. வயிறும் போகவில்லை. காய்ச்சல் மட்டும்.

அக்கா தொட்டுப் பார்த்தாள். 'செவ்வாக்கெழமை, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கு. காச்சல்னு யாரும் வாயால சொல்லாதீக. தாயி வந்திருக்கா.'

வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. சமையலில் தாளிப்பு நிறுத்தம். மெஷினும் நிறுத்தம். அம்மை வீட்டில் இரைச்சல் ஆகாது. கடை முன்பக்கம், வீடு பின்பக்கம் என்று இருந்தால் இதுதான் கதி.

4.5.88 புதன்

இறங்கவில்லை. இளநீர், நுங்கு, ஈரத்துணி. துணி கால் மணியில் காய்ந்துபோகிறது.

செல்வி: 'அருப்புக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டிருவோங்க. அம்மையின்னா ஒரு முத்தாவது தெரியணும்ல?'

அக்கா: 'முத்துப் போட மூணு நாளு ஆகும் செல்வி. அதுக்குள்ள ஊசியக் குத்துனா உள்ள எறங்கிரும். ஏலே தம்பி, ராசுவ மறந்துட்டியா?'

மறப்பேனா. எனக்கு எட்டு வயது. ராசு எனக்கு அடுத்தவன், நாலு வயது. உடம்பு பூராவும் அம்மை. அப்பா மனசு கேட்காமல் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தார். மாட்டு வண்டியிலிருந்து இறக்கும்போதே தலை தொங்கிவிட்டது. ஊசியால் செத்தானா, அம்மையால் செத்தானா, யார் கண்டது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அம்மை என்றால் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் மடியில்தான் கிடத்தினார்கள்.

'மூணு நாளு பாப்போம்' என்று செல்வியிடம் சொன்னேன். சொன்னது நான்.

5.5.88 வியாழன்

விடிகாலையில் உடம்பு கொஞ்சம் குளிர்ந்தது. இரண்டு வாய் கஞ்சி குடித்தது. 'அத்த' என்றது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புருஷன் போய் இங்கே வந்து ஆறு வருஷம். மயிலைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள் கைதான். 'பாத்தியா, வேப்பலை வேல செய்யுது' என்றாள்.

உளுந்துச் சம்படத்தில் கை விட்டபோது ஒரு மாத்திரைக் காகிதம் அகப்பட்டது. பாதி மாத்திரை மிச்சம். செல்வி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூடியை மூடி வைத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. செல்வியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் தப்பித்துக்கொள்கிற புத்தி எனக்கு.

மத்தியானம் மறுபடி அனல்.

சாயங்காலம் கழுத்துக்குக் கீழே சிவப்பாக மூன்று புள்ளி. அக்கா குலவை போடாத குறை. 'முத்துப் போட்டுட்டா! இனிப் பயமில்ல, தாயி எறங்கிருவா!' எனக்கும் உயிர் வந்தது. ஊருக்கெல்லாம் வருகிற அம்மைதான், வந்தது போல் போய்விடும் என்று அவ்வளவு சந்தோஷம்.

செல்வி விரலால் தடவிப் பார்த்தாள். 'இது வேர்க்குருங்க.'

'ஒன் வாயில நல்லதே வராதா?' என்று எரிந்து விழுந்தேன். பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

6.5.88 வெள்ளி

புழுக்கம். ஒரு இலை ஆடவில்லை.

வேர்க்குரு அமுங்கிவிட்டது. மூன்றும். வேறு எதுவும் போடவில்லை. அக்கா, 'வெளிய வர அடம்பிடிக்கா' என்கிறாள். குரலில் பழைய உறுதி இல்லை.

வாந்தி நாலு தடவை. ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கிக்கொள்கிறது. தலையைப் பின்னால் சாய்த்தே கிடக்கிறது. இன்னொன்று. எந்தப் பிள்ளையும் தூக்கினால் அழுகையை நிறுத்தும். இது தூக்கினால் வீறிடுகிறது, கீழே விட்டால் நிறுத்துகிறது. தலைகீழாக இருக்கிறதே என்று மத்தியானமே தோன்றியது. தோன்றி என்ன. போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

சுப்பையா பாத்திரம் கேட்டு வந்தவர் வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றுவிட்டார். கும்பிட்டார். 'தாயி எறங்கட்டும் அண்ணாச்சி. பாத்திரத்துக்கு என்ன அவசரம்.' ஊரே ஒத்துக்கொண்டுவிட்டது, அம்மைதான் என்று.

செல்வி பிள்ளையின் துணிகளைப் பையில் அடுக்கினாள். பொழுது சாயும்போது ஒரே ஒரு பேச்சு. 'நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.'

7.5.88 சனி

மதுரை. பெரியாஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஆறு மணி. செல்வி பையை எடுத்துவிட்டாள். அப்போது இழுப்பு வந்தது. கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. அக்கா 'தாயே, தாயே' என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேட்டி அவிழ ரோட்டுக்கு ஓடினேன், செல்வி பின்னாலேயே. பஸ் வர இன்னும் அரைமணி. தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு லாரி. குறுக்கே விழுந்து மறித்தேன். 'ஏறுங்க அண்ணாச்சி, ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஏறுங்க.' அருப்புக்கோட்டை வரைக்கும் ஆரனில் வைத்த கையை டிரைவர் எடுக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அ.கோட்டை டாக்டர் தலையை முன்னால் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. கழுத்து கம்பு மாதிரி. ஏதோ ஒரு ஊசி போட்டு இழுப்பை நிறுத்தினார். 'இங்க வச்சுப் பாக்கக் கூடாது. நிக்காம மதுரைக்குப் போங்க.' வாடகைக் கார்.

இங்கே சின்ன வயது டாக்டரம்மா. 'காய்ச்சல் எத்தனை நாளா?'

'ரெண்டு நாளு' என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அடிப்பார்களா? என்ன செய்துவிடுவார்கள்? அந்த அம்மா எழுதிவிட்டார்.

'அஞ்சு நாளு டாக்டரம்மா' என்றாள் செல்வி. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'செவ்வாக்கெழமையிலருந்து. அம்மைன்னு வீட்டுல வச்சிருந்தோம்.'

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிள்ளையைச் சுருட்டிப் பிடித்து முதுகெலும்பில் ஊசி விட்டுத் தண்ணி எடுத்தார்கள். தண்ணி தெளிவாக வர வேண்டுமாம். கலங்கி வந்தது. மூளைக்காய்ச்சல்.

ராசுவை நினைத்துக்கொண்டே கிடந்தோம். இதுவோ வேறு நோய். இதற்கு ஊசிதான் மருந்து.

9.5.88 திங்கள்

ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. கண் திறக்கவில்லை.

வேண்டியவை: பாய், சொம்பு, பழைய வேட்டி கிழித்தது, பிளாஸ்க், செல்விக்கு மாற்றுச் சேலை.

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அக்கா வந்தாள். கட்டில் பக்கத்தில் வரவில்லை, கதவோரம் நின்றாள். 'நாந்தாம்லே கெடுத்தேன். எம் பேச்ச எதுக்குலே கேட்ட?' இல்லை அக்கா என்றேன். அவள் சொன்னாள், சரி. கேட்டவன் நான்தானே. உளுந்துச் சம்படத்தைப் பார்த்த பிறகும், மூடி வைத்தவன் நான்தானே.

செல்வி எழுந்து போய் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். 'பிள்ளைய நீங்க தொடுங்க மதினி. உங்க கை அதுக்குத் தெரியும்.' எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

12.5.88 வியாழன்

காலை 103. மத்தியானம் 102. கட்டிலில் தொங்குகிற சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் மறுபடி 103.

அடுத்த கட்டில் பிள்ளையும் இதே காய்ச்சல்தான். காலையில் பாயைச் சுருட்டினார்கள். அந்தத் தகப்பன் என்னிடம் வந்து, 'உங்க பிள்ளை பொழச்சுக்கிரும் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சமிருந்த இளநீர் இரண்டையும் எங்களுக்கு வைத்துவிட்டார். குடிக்கவும் முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை.

15.5.88 ஞாயிறு

காய்ச்சல் இல்லை. சீட்டில் 98.6.

கண்ணைத் திறந்தது. செல்வியை வெகு நேரம் பார்த்தது. பிறகு மார்பைத் தேடியது. குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற மாதிரி அழுதேன். பிறகு டீயும் இரண்டு பன்னும். பசி என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது.

24.5.88 செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா நிறையச் சொன்னார். ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் வர வேண்டும், சில பிள்ளைகளுக்குக் குறை நிற்கும், கண், காது, நடை எல்லாம் பார்க்க வேண்டும். சரி சரி என்று தலையாட்டினேன். மனசெல்லாம் பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்றுதான். உயிரோடு கொண்டுபோகிறேன், அதற்கு மேல் என்ன.

அ.கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் காதுக்குள் வைத்த மாதிரி ஏர் ஆரன் அடித்தான். கோவில்பட்டி போகிற கிழவியே 'ஒன் கை வெளங்காமப் போக' என்று திட்டினாள். மயிலு என் தோளில் அசையவேயில்லை. நல்ல தூக்கம்.

26.5.88 வியாழன்

இன்றுதான் கடை திறந்தேன். வேப்பிலை வாசலில் சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவே பிய்த்துப் போட்டாள்.

மயிலு சுவரைப் பிடித்து நடக்கிறது. தள்ளாடுகிறது. நடை வந்துவிடும். பேச்சு இன்னும் இல்லை, 'ப்பா' கூட இல்லை. முன்னால் போய் நின்றால் சிரிக்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. 'இத்தன ஊசி குத்த விட்டீகள்ல, கோவமாருக்கா' என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு மூன்று வாரம் ஆயிற்று.

28.5.88 சனி

மேகம் திரண்டு காட்டியது. பெய்யவில்லை.

சுப்பையா வந்துவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். பெயர் வெட்ட உட்கார்ந்தேன். மயிலு தானாகவே தத்தித் தத்திக் கடைக்கு வந்தது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சம்பட மூடிகளை அடுக்க ஆரம்பித்தது.

மெஷினைப் போட்டேன். காதைப் பொத்தவில்லை. 'டுர்ர்ர்' இல்லை. பழகிவிட்டது போல என்று நினைத்தேன். நினைக்கப் பார்த்தேன்.

அண்டாவைத் தூக்கி வெட்டினதைப் பார்க்கிறேன் என்று சுப்பையா கை தவற விட்டார். தட்டு அடுக்கின் மேல் விழுந்து எல்லாம் சேர்ந்து சரிந்தது. பிள்ளைக்கு ஐந்தடி பின்னால். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

மயிலு ஒரு மூடியின் மேல் இன்னொரு மூடியை வைத்தது.

'ஐயோ, பிள்ளை பயந்துருக்குமே' என்று சுப்பையா பதறினார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு பேசுகிற மனிதர், குனிந்து தட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கரண்டியை எடுத்தேன். புதுக் குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளை பின்னால் போய் அடித்தேன். இடது காதுப் பக்கம். வலது காதுப் பக்கம். பலங்கொண்ட மட்டும் அடித்தேன். குடம் ஒடுங்கிவிட்டது.

உள்ளேயிருந்து செல்வி: 'என்னங்க அங்க அப்பிடி ஒரு சத்தம்? பிள்ளை பயந்துறப் போகுது!'

கரண்டியைக் கீழே வைத்தேன்.

'மயிலு! ஏ மயிலு! பால் குடிக்க வாம்மா!' மூன்று தடவை கூப்பிட்டாள். மயிலு கடைசி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தது.

'தூங்குது' என்றேன்.