கூரையில் குத்திய ஈர்க்குகள்

11.10.86, சனி

வெயில். நாளைய வேலைக்கு தென்னை ஈர்க்கு பன்னிரண்டு சீவினேன். தார் அரை வாளி. சாக்குத் துண்டு போதும்.

பென்சிலால் எழுதுகிறேன். பேனை என்றால் கரகரக்கும், அடுத்த பாயில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்கும். போன வருடத்திலிருந்து அவர் கண்களில் வெள்ளை படர்கிறது. காது மட்டும் வரவரக் கூர்மை.

கண் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தங்கச்சியின் தொய்வு இழுப்புக்கு இந்தத் துறையடிக் காற்று கூடாதென்று மாசியில் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனார். அப்போது அப்பாவுக்கு இவ்வளவு மோசமில்லை.

நெடுந்தீவுக்குப் போகும் அரிசியும் மாவும் தங்கும் கிட்டங்கி இது. கூரை, மழைத்தண்ணிப் பீலி, கதவு, தரை, எலி ஓட்டை எல்லாம் அப்பா பொறுப்பு. கண் தெரியாதென்று மனேச்சர் அறிந்தால் வேலை போகும். கிட்டங்கியோடு ஒட்டிய இந்த அறையும் போகும்.

12.10.86, ஞாயிறு

இன்றும் வெயில். எழுத்து கோணல்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் ஆளில்லை. அதனால் கூரை வேலை ஞாயிறுதான். கதவெல்லாம் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. தகரத்தில் ஆணி கழன்ற இடமெல்லாம் வெளிச்சப் பொட்டு. நான் மா மூட்டை அடுக்கில் ஏறி, மூங்கில் தடி நுனியில் ஈர்க்கைச் செருகி, ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் குத்திவிட வேண்டும். மேலே அப்பா தவழ்ந்து வந்து, தடவிப் பார்த்து, ஈர்க்கைப் பிடுங்கித் தார் பூசிச் சாக்கை ஒட்டுவார்.

"அடுத்தது எந்தப் பக்கம் பிள்ளை?"

"கிழக்காலை. மூண்டு முழம் வாங்கோ."

"ஓம்... பிடிச்சிட்டன்."

இன்றைக்குப் பதினொரு பொட்டு என்று எண்ணி அப்பாவுக்குச் சொன்னேன். ஒன்பது குத்தியாயிற்று. மண்கும்பான் பக்கமிருந்து சத்தம். ஆமி ஹெலிகொப்டர்.

தடியைப் போட்டுவிட்டு ஓடினேன். வெளியே பனை வடலிக்குள் குப்புறப் படுத்தேன். வாயில் மண். அப்புறம்தான் அப்பா நினைவு. நான் கீழே நின்று ஏணியைத் தட்டினால்தான், அந்தச் சத்தத்தைப் பிடித்து அவர் இறங்குவார். ஹெலி இரண்டு முறை சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போனது. சுடவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா தகரத்தில் முகத்தை ஒட்டிப் படுத்திருந்தார். ஏணிக்கு எதிர்ப்பக்கம். ஒரு கை விளிம்புக்கு வெளியே தொங்கியது.

"பிள்ளை, எங்கை நிக்கிறாய்?"

"இஞ்சைதான் நிண்டனான் அப்பா."

"ஓம். ஏணியைத் தட்டு."

இறங்கியதும் கேட்டார், மிச்சமும் குத்தினனியோ என்று. முடிந்தது என்றேன். திரும்பவும் அந்த இருட்டுக்குள் போகப் பயம்.

ஒரே நாளில் இரண்டு பொய்.

14.10.86, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சப்பாத்து ஓட்டை, கால் ஈரம்.

பள்ளிக்கூடத்தில் என் வாங்குப் பலகையில் நான் மட்டும். பக்கத்தில் இருக்கும் புஷ்பாவின் குடும்பமும் ஊரைவிட்டுப் போய்விட்டது, சொல்லாமலே. அவள் கோடு போடும் அடிமட்டம் மேசைக்குள் கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தால் கிட்டங்கி வாசலில் மனேச்சர், முன்னால் அப்பா. இரண்டு இடத்தில் ஒழுக்கு. நேர் கீழே ஏழு மா மூட்டை நனைந்து பசையாகிவிட்டது.

"என்ன நடராசா, நீர் கூரை பாத்தனீரோ இல்லையோ?"

"பாத்தனான் ஐயா. என்ரை பிழை."

"இன்னொருக்கா இப்பிடியெண்டால் நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும்."

மூட்டை தூக்கும் செல்லத்துரை அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். "கொப்பரும் நீயும் ஞாயிறு முழுக்கக் கூரையோடை கதைக்கிறியளாம். மழை வருமெண்டு கூரை சொல்லேல்லையோ?" எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிறு இங்கே ஆளே இல்லையே. யார் பார்த்தார்கள்?

குசினியில் அப்பா பிட்டைப் பிசைந்தபடி சொன்னார்: "பதினொண்டு எண்டு நீ சொன்னனி. நான் ஒன்பது ஈர்க்குத்தான் பிடுங்கினனான்."

"அப்ப ஏன் அண்டைக்குக் கேக்கேல்லை?"

"நீ ஓடின சத்தமும் கேட்டது. பயந்த பிள்ளையைத் திருப்பி உள்ளை அனுப்ப மனம் வரேல்லை."

ஏசியிருக்கலாம்.

16.10.86, வியாழன்

மழை விட்டு விட்டு. அம்மாவின் கடிதம், யாழ்ப்பாணம் போய்வரும் வான் வண்டிக்காரர் கொண்டுவந்தார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கேட்டாயிற்றாம். அப்பா ஓம் என்று எழுதினால் 24ஆம் திகதி வெள்ளி வான்காரர் என்னை ஏற்றிவருவாராம்.

"போ பிள்ளை," என்றார் உடனே.

போக ஆசை. அம்மாவின் சத்தம். தங்கச்சியோடு ஒரே பாய். பக்கத்தில் ஆளிருக்கும் வாங்கு. புஷ்பா போன பிறகு அப்பாவைத் தவிர யாரோடும் முழுதாக ஒரு கதை கதைக்கவில்லை.

கண்ணை மூடினால் அந்தத் தொங்கும் கை.

18.10.86, சனி

வானம் மப்பு. மழை இல்லை. அப்பா பதில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடிதம் என்பதால் பேனையால்.

அவர் சொன்னது: நான் சுகம். பிள்ளை வெள்ளி வருவாள். இங்கே வேலை எல்லாம் தனியப் பார்ப்பேன். யோசிக்க வேண்டாம்.

நான் எழுதியது: அம்மா, அப்பாவுக்குக் கண் தெரியாது. கூரையில் தடவித்தான் வேலை செய்கிறார். பெரியாஸ்பத்திரியில் காட்ட வேணும். நான் வந்தால் அவருக்கு ஏணி தட்ட ஆளில்லை. நான் வரமாட்டேன். நீங்கள் வாருங்கோ. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

"வாசி பாப்பம்," என்றார். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அப்பா கையை நீட்டித் தாளைத் தடவினார்.

"நான் சொன்னது நாலு வரி. பேனை கனநேரம் ஓடினது."

"பெரிய எழுத்தா எழுதினனான் அப்பா."

"ம். கையெழுத்து எங்கை?"

அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தேன். எழுதினார். பெயர் சரிந்து தாளின் மூலைக்குப் போய்விட்டது.

"மடிச்சு ஒட்டு. நாளைக்கு ஞாயிறு. ஈர்க்குச் சீவினனியோ?"

ஓம் என்றேன். இன்னும் சீவவில்லை.