குப்பியில் அவள் பேர்

மார்ச் 4

பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. துடைத்த தரையையே திரும்பத் துடைக்கிறேன். நேற்று தையல் கம்பெனியில் தலையணை உறையை நான்கு பக்கமும் தைத்து மூடிவிட்டேன். சூப்பர்வைசர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள தலையணை எப்படிக்கா போகும், மந்திரம் போட்டா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நீ அனுப்பிய போட்டோ வந்ததிலிருந்துதான் இப்படி. வெள்ளைக் கோட்டு உனக்கு அழகாகத்தான் இருக்கிறது. பின்னால் ஒரு சின்னக் குப்பியில் உன் கையெழுத்தில் 'வாலு' என்று, சின்னவளை நாம் கூப்பிடுகிற பேர் இருந்தது. தங்கச்சி ஞாபகமாக ஏதோ வைத்திருக்கிறாய் என்று நினைத்துத்தான் போனில் கேட்டேன். "அவ ரத்தத்துல இருந்து எடுத்த கிருமிம்மா" என்றாய். போனை வைத்துவிட்டேன்.

தொண்டை வலி என்று படுத்த பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. கொன்ற கிருமிக்கு, செத்தவள் பேரா? அதற்குத் தீனி வேறு போட்டு வளர்க்கிறாயாமே.

அந்தப் பேரை அழிக்கிறவரை எனக்குப் போன் பண்ணாதே. வீட்டுக்கும் வராதே.

அம்மா

மார்ச் 11

அம்மாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். திட்டு, ஆனால் முழுசாகப் படி.

ஆளைச் சாய்க்கிற கிருமிகளை ஆஸ்பத்திரிகள் எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பும். எண்ணை மட்டும் வைத்தால் குழம்பும் என்று, வாங்குகிறவர் ஒரு செல்லப்பேர் வைப்பது இங்கே வழக்கம். அந்தக் குப்பி என் கைக்கு வந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று பார்த்ததும் எனக்கு வேறு பேர் எழுத வரவில்லை. கிருமி என்ன செய்கிறது என்று பார்க்க, அதை ஒரு தட்டில் மனித உடம்பின் செல்களோடு விடுவோம். பக்கத்து மேஜைக்காரருக்கு விஷயம் தெரியாது. "உன் வாலு நேத்து எல்லா செல்லையும் காலி பண்ணிட்டா" என்பார். எழுந்து போய் வராந்தாவில் நின்றுவிட்டு வருவேன்.

அது ஒரு நஞ்சைக் கக்குகிறது. நம் உடம்பு செல்லின் தோலில் அந்த நஞ்சு ஓட்டை போடும். உள்ளே இருப்பது கசிந்து செல் செத்துவிடும். இப்போது அந்த நஞ்சைச் செய்கிற மரபணுவை மட்டும் எடுத்துவிட்டு, இன்னொரு கிருமியை உண்டாக்கியிருக்கிறேன். செல்களோடு சேர்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் பெரும்பாலான செல்கள் முழுசாக இருந்தன. அதற்கு வேறு ஆயுதங்களும் உண்டு, இன்னும் தேட வேண்டும்.

பேரை அழித்துவிட்டேன். கிருமியையும் கொல்லச் சொன்னால் கொன்றுவிடுகிறேன். இங்கே பெரிய குக்கர் மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் வேகவைத்துவிடுவோம். நீ சொல்.

பெரியவள்

மார்ச் 20

பெரியவளுக்கு,

கொன்றுவிடு என்று எழுதத்தான் பேப்பர் வாங்கினேன். பேப்பர் இத்தனை நாள் தையல் மெஷின் மேல் கிடந்தது.

சின்னவள் போன அன்றைக்கு டாக்டர் கையை விரித்தார். "என்ன நடந்துச்சுன்னே சொல்லத் தெரியலம்மா, சட்டுனு முத்திருச்சு" என்றார். அன்றையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, உன் போட்டோ வந்ததும் அது கூடிவிட்டது. என்ன நடந்தது என்று எனக்கு முதலில் சொன்னவள் நீதான். ஓட்டை என்றால் எனக்குப் புரிகிறது.

கொல்லாதே. அதனிடமிருந்து கறக்க வேண்டியதை எல்லாம் கறந்துகொள். அப்புறம் வேகவை. அதற்குப் பேர் வேண்டாம், எண்ணே போதும். கையுறையை மட்டும் கழற்றாதே. எனக்கு மீதி நீ ஒருத்திதான்.

நஞ்சை எடுத்துவிட்ட கிருமிக்கு என்ன பேர் வைத்தாய்? இன்னும் வைக்கவில்லை என்றால் அவள் பேரை அதற்கு வை. கத்துவாள், பாத்திரத்தை உருட்டுவாள், ஆனால் ஒருத்தரையும் நோகடித்தவள் இல்லை அவள். "உன் வாலு இன்னிக்கு யாரையும் ஒண்ணும் பண்ணல" என்று அந்த மேஜைக்காரர் சொல்லட்டும். அப்போது வராந்தாவுக்குப் போகாதே. உட்கார்ந்து கேள்.

நான்கு பக்கமும் மூடித் தைத்த தலையணை உறையில் ஒரு பக்கத்தை இன்றைக்குத்தான் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எடுப்பேன்.

அம்மா