அடுத்த வீட்டில் கேட்ட உன் குரல்

என் செல்லமே,

உடம்பும் வேலையும் ஒழுங்காகப் போகிறது என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் தனியாக அழுதுகொண்டிருக்கிறது. இங்கே நடந்ததைப் போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் தெருமுனைப் பெட்ரோல் பங்கில் நிலத்துக்கு அடியில் இருந்த தொட்டி ஓட்டையாகி, கிணற்றுத் தண்ணீரெல்லாம் நாறிப்போனது உனக்குத் தெரியும். தெருவே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றபோது நான் மட்டும் தெம்பாக இருந்தேன், என் பிள்ளைக்கு இதுதானே தொழில், லீவில் வந்தால் ஒரு கை பார்த்துவிடுவான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். நீ லீவைத் தள்ளிப் போட்டுவிட்டாய். வந்தது யார் என்றால் பக்கத்து வீட்டுத் தையல்காரியின் மகள், நம் குருவி. உன் படிப்பையே உனக்குப் பின்னால் படித்தவள். பங்க் முதலாளி செலவை ஏற்றுக்கொள்ள, ஆட்களோடு வந்து தெருவெங்கும் குழாய் இறக்கினாள். எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா நம் மண்ணிலேயே இருக்கிறதாம், மூச்சுக்குக் காற்றில்லாமல் சோர்ந்து கிடக்கிறதாம், காற்றும் கொஞ்சம் உரச்சத்தும் கொடுத்தால் பெருகித் தின்று தீர்த்துவிடுமாம். "மண்ணை வெட்டி வேற எங்கயோ கொட்டினா அழுக்குக்கு வீடுதான் மாறும் அத்தை, இதுங்க தின்னா அழுக்கே இருக்காது" என்று அவள் விளக்க, தெருவே வாய் பிளந்து கேட்டது. தையல்காரி நூல் கோத்த ஊசியைக் கையில் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது என்றே எழுதுகிறேன், உன்னிடம் என்ன வெட்கம்.

நம் வீட்டுப் பின்பக்கம் குருவி குழாய் இறக்க வந்தபோது நான் கேட்டைத் திறக்கவில்லை. "எங்க மண்ணை எங்க பிள்ளை வந்து பாத்துக்குவான்" என்றேன். அவள் முகம் சுளித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி அத்தை, யோசிச்சுச் சொல்லுங்க" என்று போய்விட்டாள். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக் கிணறும் தெளிந்து வந்தது, மழை பெய்தால் மட்டும் நம் பக்கத்திலிருந்து நாற்றம் தையல்காரியின் கிணற்றுக்குத் திரும்பியது. அவள் சண்டைக்கு வராமல் குடத்தோடு மறுபடி லாரிக்குப் போய் நின்றாள். நம் கிணற்றுத் தண்ணீரிலேயே குளித்து அப்பாவுக்குக் கையெல்லாம் சிவந்து தடித்தது, அவரும் சொறிந்துகொண்டே பேப்பர் படித்தார். நான் யாரோடு சண்டை போடுவது?

அவருடைய சட்டையைத் தைக்கக் கொடுத்திருந்தேன், அதை வாங்கப் போன அன்றுதான் அது நடந்தது. வாசற்படியில் கால் வைக்கிறேன், உள்ளே உன் குரல். வந்துவிட்டாய் என்றே நினைத்தேன், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. எட்டிப் பார்த்தால் தையல் மெஷினில் போனைச் சாய்த்து வைத்துக் குருவி எழுதிக்கொண்டிருக்கிறாள், நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய், எங்கே காற்றைக் கூட்ட வேண்டும், எங்கே சத்தைக் குறைக்க வேண்டும் என்று நிறுத்தாமல். வேலை தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் என்று பிறகு குருவி சொன்னாள். "எங்க வீட்டுப் பின்னால இறக்காம இது முடியாது குருவி, அம்மாவை நீயே கேளு, நான் சொன்னா அழும்" என்றாய். சட்டையை வாங்காமலே திரும்பி வந்தேன். எனக்கு வாரத்தில் பத்து நிமிஷம், சாப்பிட்டாயா, தூங்கினாயா. அவளுக்கு உன் மூளை முழுவதும். அழவில்லை என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் நானே கேட்டைத் திறந்தேன். "எங்க வேணும்னாலும் தோண்டு. ஆனா அவன் பேசுற அன்னிக்கு நானும் பக்கத்துல உக்காருவேன்" என்றேன். குருவி சிரிக்காமல் தலையாட்டினாள், நல்ல பெண். அதனால்தான் இரண்டு மாதமாக அங்கே நீ பேசும்போது ஓரத்தில் ஒரு இருமல் கேட்டிருக்கும், அது நான்தான். சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். பாதி புரியவில்லை, அதற்கென்ன, உன் குரலில் ஒரு கம்பீரம் இருக்கிறது, அது என்னோடு பேசும்போது வருவதில்லை.

போன வாரம் பரிசோதனை முடிவு வந்தது, குடிக்கலாம் என்றார்கள். குருவி நம் கிணற்றிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, இன்னும் லேசாக வாடை அடிக்கிறது என்றேன். அப்பா வாங்கி மடக்மடக்கென்று குடித்து, "ஒண்ணும் அடிக்கல, அது உன் வயிறு எரியிற வாடை" என்றார். தையல்காரிதான் முதலில் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வராமல் எப்படி.

நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வெயிலில் தொப்பி போடு. நீ அனுப்பிய படத்தில், நீ மண்ணைச் சுத்தம் செய்து கொடுத்த தோட்டத்தில் ஒரு அம்மாள் உன் தோளில் கை போட்டு நிற்கிறாளே, அவளுக்கும் தூரத்தில் ஒரு பிள்ளை இருக்கிறானா என்று கேட்டு எழுது. இருந்தால் கை அங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் கொஞ்சம் தள்ளி நில்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா